திரைக்கு இந்தப் பக்கம்

சீட்டு தன் பக்கம் விழவில்லை என்று தெரிந்தபோது ஸ்டெபானி அழவில்லை. லதீபா மிஸ்ஸின் கையிலிருந்த போனையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, "இன்னொரு தடவ அமுக்கிப் பாருங்களேன் மிஸ்" என்றாள்.

லதீபாவுக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டாள். "அப்பிடிச் செய்ய ஏலாது தங்கச்சி. ஒரு ஆளுக்கு ஒரு தரம்தான். கம்ப்யூட்டர் குலுக்கி எடுக்கிற சீட்டு. நான் நெனச்சாலும் மாத்த ஏலாது."

ஆஸ்பத்திரியின் கர்ப்பிணிகள் கிளினிக்குக்கு வெளியே, சுவரோரம் போட்டிருந்த வாங்கில் இருவரும் உட்கார்ந்திருந்தார்கள். ஸ்டெபானி யட்டியாந்தோட்டைக்கு மேலே ஒரு ரப்பர் தோட்டத்திலிருந்து பஸ் மாறி வந்திருந்தாள். நிறைமாதம். முதல் பிள்ளை ஆபரேஷனில் பிறந்ததால் இதற்கும் ஆபரேஷன்தான் என்று டாக்டர்மார் முடிவு செய்துவிட்டார்கள். லதீபா தாதியாகப் படித்து, இந்த ஆராய்ச்சிக்கென்றே வேலைக்குச் சேர்ந்தவள். மாவனல்லைக்காரி. தமிழும் சிங்களமும் ஒரே மூச்சில் பேசுவாள்.

சீசர் ஆபரேஷன் செய்துகொண்ட தாய்மாரை எப்படிக் கவனித்தால் சீக்கிரம் தேறுவார்கள் என்பதுதான் ஆராய்ச்சி. சம்மதிக்கிறவர்களில் பாதிப் பேருக்கு ஆஸ்பத்திரியின் வழக்கமான கவனிப்பு. மற்றப் பாதிக்குப் புது முறை: ஆபரேஷன் முடிந்து கொஞ்ச நேரத்திலேயே பால் சேர்க்காத பிளேன்டீயும் பிஸ்கட்டும், கேட்காமலே நேரத்துக்கு நேரம் வலி மாத்திரை, அன்றைக்கே சிறுநீர்க் குழாயைக் கழற்றிவிட்டுக் கட்டிலை விட்டு எழும்புவது. போன கிளினிக்கில் லதீபா இதையெல்லாம் விளக்கியபோது ஸ்டெபானியின் காதில் கடைசி விஷயம் மட்டும்தான் விழுந்தது. அன்றைக்கே எழும்பலாம். எழும்பினால் பிள்ளையைத் தூக்கலாம்.

"விருப்பமில்லாட்டி இப்பவும் விலகிக்கலாம்" என்றாள் லதீபா. "அதனால ஒங்க வைத்தியத்துல ஒரு கொறையும் வராது."

ஸ்டெபானி யோசித்தாள். "வழக்கமான பக்கத்துக்கும் நீங்க வந்து பாப்பீங்களா மிஸ்?"

"ரெண்டு பக்கத்துக்கும் ஒரே மாதிரித்தான் வருவேன். ஒரே கேள்விதான் கேப்பேன்."

"அப்ப இருக்கேன்" என்றாள் ஸ்டெபானி.

முதல் பிரசவத்தின்போது அவளிடம் வந்து யாரும் எதுவும் கேட்கவில்லை. ஜெனோஷா பிறந்தது வேறோர் ஆஸ்பத்திரியில், அவசர அவசரமாக. மயக்கம் தெளிந்ததும் அடிவயிற்றில் கத்தியை வைத்துத் திருகுவதுபோல் வலித்தது. சொல்ல வாய் வரவில்லை. சிங்களம் தெரியாமல் இல்லை. அந்தப் பக்கத்துத் தோட்டப் பிள்ளைகள் நடக்கப் பழகும்போதே சிங்களமும் பழகிவிடுகிறார்கள். பக்கத்துக் கட்டில்காரி முனகியதற்கு வாங்கிய ஏச்சைக் காதால் கேட்டுவிட்டுத்தான் அவள் வாயை மூடிக்கொண்டாள். அசையப் பயந்து படுத்தே கிடந்தாள். வீட்டுக்கு வந்த பிறகு தையல் சீழ் பிடித்தது. காய்ச்சல் கண்டு மறுபடி ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். தேறித் திரும்பியபோது மார்பில் பால் வற்றியிருந்தது.

பிள்ளையை அதற்குள் நிரோஷா எடுத்துக்கொண்டிருந்தாள். நிரோஷா, ஸ்டெபானியின் புருஷன் ரெஜினோல்டுக்கு அண்ணன் மனைவி. அதே லயத்து வீட்டு வரிசையில் அடுத்த காம்பரா. அவளுக்கும் அப்போது கைப்பிள்ளை. ஒரு பக்கம் தன் பிள்ளை, மறு பக்கம் ஜெனோஷா என்று இரண்டுக்கும் பால் கொடுத்தாள். ஜெனோஷா உயிரோடு இருப்பது அவளால்தான். அதில் ஸ்டெபானிக்குச் சந்தேகமே கிடையாது.

ஆனால் ஜெனோஷா பேசப் பழகியபோது, பெரியம்மா என்ற சொல்லின் முன்பாதியை விட்டுவிட்டாள். நிரோஷா அம்மா ஆனாள். பெற்றவளை, அப்பா கூப்பிடுவதைக் கேட்டுக் கேட்டு, "ஸ்டெபி" என்றாள். லயமே சிரித்தது. ஸ்டெபானியும் சேர்ந்து சிரித்தாள். இப்போது பிள்ளைக்கு நாலு வயது. சாப்பாடும் தூக்கமும் அந்த வீட்டில்தான். பாவாடை நாடா அவிழ்ந்தால் ஸ்டெபானியைக் கடந்து ஓடிப்போய் நிரோஷாவிடம் முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கும்.

இந்தப் பிள்ளையாவது முதல் நாளே தன் கையில் இருக்க வேண்டும். ஸ்டெபானி இதை ரெஜினோல்டிடம்கூடச் சொன்னதில்லை.

ஆபரேஷன் காலையிலேயே நடந்தது. முதுகில் ஊசி போட்டதும் இடுப்புக்குக் கீழே உடம்பு யாருடையதோ போலாயிற்று. பச்சைத் துணிக்கு அப்பால் யாரோ மும்முரமாக எதையோ தேடுவதுபோல வயிறு ஆடியது. பிறகு அந்த அழுகை. ஆண் பிள்ளை. ஒரு தாதி மிஸ்ஸி பிள்ளையைக் கொண்டுவந்து அவள் கன்னத்தோடு ஒரு கணம் வைத்துவிட்டு எடுத்துக்கொண்டு போனாள். கன்னத்தில் பட்ட ஈரம் காய்வதற்குள் ஸ்டெபானிக்கு நடுக்கம் கண்டது. பல் கிட்டித்தது. தியேட்டர் குளிர் என்றார்கள்.

வார்ட்டில் அவளுக்கு ஜன்னலிலிருந்து இரண்டாவது கட்டில். பிள்ளை கால்மாட்டில் தொட்டிலில் கிடந்தான். ஜன்னலோரக் கட்டிலில் இருந்தவள் தில்ருக்ஷி, ருவன்வெல்லப் பக்கத்துக் கார்மென்ட்டில் வேலை செய்கிறவள். அவளுக்கும் அன்று காலையில்தான், ஸ்டெபானிக்குச் சற்று முன்னால், ஆபரேஷன் நடந்தது. அவளுக்கும் இது இரண்டாவது பிள்ளை. அவளுக்குச் சீட்டு புது முறையில் விழுந்திருந்தது.

இரண்டு கட்டிலுக்கும் நடுவே லதீபா திரையை இழுத்துவிட்டாள். புது முறையில் சொல்லிக் கொடுப்பதை வழக்கமான பக்கத்துக்காரர்கள் பார்த்துப் படித்துவிடக் கூடாது. படித்துவிட்டால் இரண்டுக்கும் என்ன வித்தியாசம் என்று தெரியாமல் போய்விடும். அதற்காகத்தான் திரை. ஆனால் அது வெறும் சீலைத் துணி. தில்ருக்ஷி கிராக்கர் பிஸ்கட்டைக் கடிக்கிற சத்தம் அதைத் தாண்டி வந்தது. பிளேன்டீயின் வாசம் வந்தது. ஸ்டெபானியின் உதடு ஓடாகக் காய்ந்திருந்தது.

பின்னேரம் லதீபாவின் குரலும் தாண்டி வந்தது. சிங்களத்தில், பொறுமையாக, ஒவ்வொன்றாகச் சொன்னாள்.

"முதல்ல ஒரு பக்கமாச் சரிஞ்சு படுங்க. முழங்கால மடக்குங்க. வெட்டின எடத்துல துணிய மடிச்சு வச்சு உள்ளங்கையால அமத்திக்குங்க. மற்றக் கைய ஊண்டுங்க. ரெண்டு காலையும் ஒண்ணாக் கீழ விடுங்க. ஆ, இப்ப எழும்பக் கூடாது. உக்காந்து மூச்சு வாங்குங்க. தலை சுத்துதா? இல்லையா? சரி, இப்ப மெல்ல…"

தில்ருக்ஷி "அம்மே" என்றாள். பிறகு சிரித்தாள். செருப்புக் கால் இழுபடும் சத்தம் ஜன்னல் வரைக்கும் போய்த் திரும்பி வந்தது.

ஸ்டெபானி கூரையைப் பார்த்தபடி, சரிந்து படு, முழங்காலை மடக்கு, துணியை வை என்று ஜெபமாலை உருட்டுவதுபோல் மனதுக்குள் உருட்டிக்கொண்டிருந்தாள்.

லதீபா திரையைச் சுற்றிக்கொண்டு அவளிடம் வந்தாள். "வலி எவ்வளவு இரிக்கு தங்கச்சி? ஒண்டுமே இல்லண்டா பூச்சியம். தாங்கவே ஏலாதுண்டா பத்து."

"ரெண்டு இருக்கும் மிஸ்."

லதீபா அவள் முகத்தைப் பார்த்தாள். படுக்கை விரிப்பைக் கசக்கிப் பிடித்திருந்த கையைப் பார்த்தாள். "கேட்டா மாத்திர தருவாங்க. கேக்கத்தான் வேணும்" என்றாள். ஸ்டெபானி தலையாட்டினாள். கேட்கவில்லை.

பார்வையாளர் நேரம் முடிந்து ரெஜினோல்ட் புறப்பட்டுப் போன கொஞ்ச நேரத்தில் தொட்டிலில் பிள்ளை சிணுங்கினான். சிணுங்கல் வீறிடலாயிற்று. ஸ்டெபானி கையை நீட்டினாள். எட்டவில்லை. இன்னும் கொஞ்சம் நீட்ட, வயிற்றில் பிளந்ததுபோல் ஒரு வலி; கண் இருட்டியது. வார்ட்டின் அந்தக் கோடியில் இரண்டு மிஸ்ஸிமார் வேறொரு கட்டிலைச் சுற்றி ஓடிக்கொண்டிருந்தார்கள். பிள்ளை மூச்சைப் பிடித்துப் பிடித்து அழுதான்.

திரை விலகியது. இடுப்பைப் பிடித்துக்கொண்டு, கூன் விழுந்த கிழவி மாதிரி தில்ருக்ஷி நின்றாள்.

"அனே, தொண்ட வறண்டு போகுதே நங்கி பிள்ளைக்கு" என்று, தங்கையை அழைப்பதுபோல், சிங்களத்தில் சொல்லிக்கொண்டே, அங்குலம் அங்குலமாக நடந்து தொட்டிலுக்குப் போனாள். பிள்ளையை எடுத்துத் தன் மார்போடு அணைத்துக்கொண்டு வந்து ஸ்டெபானியின் சட்டையை விலக்கி நெஞ்சில் படுக்க வைத்தாள். பிள்ளையின் அழுகை சட்டென்று நின்றது. சூடாக, ஈரமாக, ஒரு சின்ன வாய் மார்பில் முட்டி முட்டித் தேடியது.

"ஒனக்கு ஏன் இப்பிடி வேர்த்துக் கொட்டுது? மாத்திர குடிச்சியா?"

"இல்ல அக்கே. கேக்கல."

"ஏன்?"

"ஏசுவாங்க."

"யாரு ஏசினது ஒன்ன இங்க?"

ஸ்டெபானி வார்ட்டைப் பார்த்தாள். இங்கே யாரும் ஏசவில்லைதான். தில்ருக்ஷி கட்டில் கம்பியைப் பிடித்தபடி யோசித்தாள். "எனக்கு அவங்களே கொண்டாந்து தருவாங்க. மிஸ்ஸி வந்ததும் நான் இருமுறேன். ஒடனே நீ கூப்புடு. கேட்டவங்களுக்குக் குடுக்கத்தான வேணும்? அது ஒன் பக்கத்துச் சட்டமும்தான."

கொஞ்ச நேரத்தில் திரைக்கு அப்பால் பெரிதாக ஓர் இருமல் கேட்டது. இருமிய வேகத்தில் தையல் இழுத்திருக்க வேண்டும். கூடவே ஒரு "ஐயோ"வும் கேட்டது. ஸ்டெபானி தலையைத் தூக்கினாள். "மிஸ்ஸி" என்றாள். தனக்கே கேட்கவில்லை. மறுபடி, "மிஸ்ஸி! எனக்கு வலிக்குது."

களைத்த முகத்தோடு ஒரு மிஸ்ஸி எட்டிப் பார்த்தாள். "வலியா? ஏன் இவ்வளவு நேரமாச் சொல்லல?" என்றாள். மாத்திரையும் தொண்டையை நனைக்கத் தண்ணீரும் தந்தாள். தலையணையைக் கொஞ்சம் உயர்த்திவிட்டு, பால் குடிக்கிற பிள்ளையை எட்டிப் பார்த்து, "கெட்டிக்காரன்" என்று சொல்லிவிட்டுப் போனாள். அவ்வளவுதான். அதற்கு மேல் ஒன்றும் நடக்கவில்லை. அது இத்தனை சுலபமாக முடிந்துபோனது ஸ்டெபானிக்குத் தாங்கவில்லை. பிள்ளையின் தலையில் கண்ணீர் சொட்டச் சொட்ட அழுதாள்.

மறுநாள் விடிந்ததும் குழாயைக் கழற்றினார்கள். டாக்டர்மார் வந்து பார்த்துவிட்டுப் போன பிறகு ஆள் வந்து எழுப்பி நடக்க வைப்பார்கள், அதுவரை படுத்திருங்கள் என்றார்கள். டாக்டர்மார் வரக் காணோம். பிள்ளை தொட்டிலில் முழித்துக்கொண்டு கிடந்தான். ஸ்டெபானி பிள்ளையைச் சுற்றவென்று கொண்டுவந்திருந்த ரெஜினோல்டின் பழைய சாரத்தை எடுத்து நாலாக மடித்தாள். சரிந்து படுத்தாள். முழங்காலை மடக்கினாள். சாரத்தை வெட்டின இடத்தில் வைத்து அமர்த்தினாள்.

"காலை ஒண்ணா விடு" என்றது திரைக்கு அப்பாலிருந்து ஒரு குரல். தில்ருக்ஷி துணியின் இடுக்கில் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். "மூச்சு. மூச்சு வாங்கு நங்கி. அவசரம் வேணாம்."

உட்கார்ந்தாள். அறை ஒருமுறை சுற்றி நின்றது. எழுந்தாள். கால் தாங்கியது. வலி இருந்தது, இருந்தாலும் அது போன தடவைபோல் அவளைக் கட்டிலோடு கட்டிப்போடுகிற வலியாக இல்லை. தொட்டில் வரைக்கும் போனாள். குனியாமல், முழங்காலைக் கொஞ்சம் தாழ்த்தி, தன் மகனைத் தன் கையாலேயே தூக்கினாள்.

அப்போதுதான் லதீபா வார்ட்டுக்குள் வந்தாள்.

தில்ருக்ஷி மெல்லத் திரையை இழுத்து மறைந்துகொண்டாள். லதீபா ஓடி வந்து முதலில் பிள்ளையை வாங்கித் தொட்டிலில் விட்டாள். பிறகு ஸ்டெபானியின் தோளைப் பிடித்துக் கட்டிலில் உட்கார வைத்தாள். நாடி பார்த்தாள், பிரஷர் பார்த்தாள், தையலைப் பார்த்தாள். எல்லாம் சரியாக இருந்த பிறகுதான் மூச்சு விட்டாள்.

"விழுந்திருந்தா என்ன செய்வீங்க தங்கச்சி?"

ஸ்டெபானி தலை குனிந்திருந்தாள். "நான் ஒங்க ஆராய்ச்சியக் கெடுத்துட்டேனா மிஸ்?"

லதீபா பிரஷர் பார்த்த பட்டியைச் சுருட்டினாள். ஸ்டெபானிக்கு எங்கிருந்து தைரியம் வந்ததோ தெரியாது. நிமிர்ந்து பார்த்துக் கேட்டாள். "நல்லதுன்னு தெரிஞ்ச ஒண்ண எனக்கு ஏன் மிஸ் மறைச்சீங்க?"

"தெரியாது" என்றாள் லதீபா. பிறகு அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். "அதான் தங்கச்சி விஷயம். நல்லதுண்டு நாங்க நெனைக்கிறம். வெளிநாட்டுல நல்லதுண்டு கண்டிரிக்கிறாங்க. ஆனா இங்க, இவ்வளவு சனத்துக்கு ரெண்டு மிஸ்ஸி இரிக்கிற வார்ட்டுல, அது நல்லதா, இல்லாட்டி ஆராவது விழுந்து தையல் பிரியுமா, நிச்சயமாத் தெரியாது. தெரிஞ்சா சீட்டுப் போடவே மாட்டம். எல்லாருக்கும் குடுத்திருவம்." கொஞ்சம் நிறுத்தி, "நடந்தத நான் மேடத்துக்கிட்டச் சொல்லத்தான் வேணும்" என்றாள்.

ஆராய்ச்சிக்குப் பொறுப்பான டாக்டர் மேடம் மத்தியானத்துக்கு முன்னால் வந்தார். தலை நரைத்தவர், வேகமாக நடப்பவர். அவர் வருவதைக் கண்டதும் தில்ருக்ஷி கண்ணை மூடித் தூங்குவதுபோல் பாசாங்கு செய்தாள். மேடம் நேரே அவளிடம்தான் போனார். "உங்க பிள்ளையத் தூக்கலாம்னுதான் சொன்னோம். வார்ட்டுப் பிள்ளைகளை எல்லாம் தூக்கச் சொல்லல. நீங்க மயங்கி விழுந்திருந்தா?" தூங்குகிறவளின் வாயிலிருந்து "சமாவென்ன மேடம்" என்று வந்தது. மன்னிப்புக் கேட்டதைப் பார்த்து அடுத்த கட்டில்காரிகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள்.

பிறகு ஸ்டெபானியிடம் வந்தார். ஏச்சு வரப்போகிறது என்று அவள் சாரத்தை இறுகப் பிடித்துக்கொண்டாள். மேடம் கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, "என்னென்ன கேட்டீங்க, எப்பிடி எழும்பினீங்க, சொல்லுங்க" என்றார். ஸ்டெபானி சொன்னாள். இருமலைக்கூட விடவில்லை. மேடத்தின் உதட்டோரம் லேசாகத் துடித்தது.

"இப்பிடிக் கேட்டுப் படிச்சதுல இவங்க மூணாவது ஆள்" என்றார் லதீபாவிடம். "சனங்களக் கொற சொல்ல ஏலாது. ஒரே வார்ட்டுல பக்கத்துப் பக்கத்துல தாய்மாரப் போட்டுட்டு, ஒருத்திக்கு ஒருத்தி ஒதவாம இருப்பாங்கன்னு எதிர்பார்த்தது நாங்கதான். ஆராய்ச்சிக் கமிட்டியில கேப்போம். ஒரு மாசம் வார்ட்டு முழுக்க வழக்கமான முறை, அடுத்த மாசம் முழுக்கப் புது முறைன்னு மாத்துவோம்."

"அப்ப நான் எந்தப் பக்கம் மேடம்?" என்று கேட்டாள் ஸ்டெபானி.

"சீட்டு விழுந்த பக்கம்தான். நடந்தத நடந்தபடி எழுதுவோம். நீங்க ஒண்ணும் கெடுக்கல." எழும்பும்போது தொட்டிலை ஒரு தரம் பார்த்தார். "இனிமே எழும்பும்போது யாரையாவது கூப்பிட்டுட்டு எழும்புங்க. கூப்பிடத்தான் இப்ப தெரியுமே."

வீட்டுக்குப் போகிற நாளில் மழை. ரெஜினோல்ட் த்ரீவீல் பிடித்துக்கொண்டு வந்திருந்தான். ரப்பர் மலைக்கு ஏறும் பாதையின் ஒவ்வொரு குழிக்கும் அவன் "மெதுவா, மெதுவா" என்று சாரதியின் தோளைத் தட்டிக்கொண்டே வந்தான். ஸ்டெபானி ஒரு கையால் வயிற்றையும் ஒரு கையால் பிள்ளையையும் பிடித்திருந்தாள்.

லயத்து வாசலில் நிரோஷா காத்துக்கொண்டு நின்றாள். காம்பராவைக் கூட்டி, பாய்க்கு மேல் பழைய சேலைகளை மடித்து மெத்தென்று போட்டு, பத்தியக் குழம்பும் வைத்திருந்தாள். அவள் முந்தானையைப் பிடித்துக்கொண்டு பின்னால் ஜெனோஷா. ஸ்டெபானி படியேறியதும் நிரோஷா இரண்டு கையையும் நீட்டினாள்.

"குடு ஸ்டெபி. பச்ச ஒடம்பு. நீ போய்ப் படு. பிள்ளைய நான் பாத்துக்கிறேன்."

நாலு வருஷத்துக்கு முன்னால் இதே வாசலில் இதே கைகள்தான். ஸ்டெபானி பிள்ளையை நெஞ்சோடு இழுத்துக்கொண்டாள்.

"பிள்ள என்கிட்டயே இருக்கட்டும்க்கா" என்றாள். "நீங்க என்னையப் பாத்துக்குங்க."

நீட்டிய கைகள் கொஞ்ச நேரம் அப்படியே நின்றன. பிறகு நிரோஷா அவற்றை முந்தானையில் துடைத்துக்கொண்டு குசினிக்குள் போய்விட்டாள். பாத்திரம் ஒன்று சத்தமாக வைக்கப்பட்டது. ரெஜினோல்ட் இருவரையும் பார்த்துவிட்டு, சாரதியிடம் ஏதோ கேட்க மறந்துவிட்டவன்போல் மழையில் இறங்கினான்.

சோற்றுக் கோப்பையோடு நிரோஷா திரும்பி வந்தபோது அவள் கண் சிவந்திருந்தது. கோப்பையை வைத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"ஒம் பிள்ளைய நான் பறிச்சிக்கிட்டேன்னு நெனைக்கிறியா ஸ்டெபி?"

இல்லையென்று சொல்லிவிடத்தான் முதலில் வாய் போயிற்று. ஸ்டெபானி நிறுத்திக்கொண்டாள்.

"நீங்க இல்லாட்டி ஜெனோஷா இன்னைக்கி மண்ணுக்குள்ள தாங்க்கா. அத சாகுற வரைக்கும் மறக்க மாட்டேன். ஆனா எனக்கு வலிச்சிச்சி. அவ ஒங்கள அம்மான்னு கூப்புடுற நேரமெல்லாம் வலிச்சிச்சி."

"ஒரு நாளும் சொல்லலயே. நீயுந்தான எங்ககூடச் சேர்ந்து சிரிச்ச."

"சிரிக்காம என்னா செய்ய?"

நிரோஷா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். சத்தமில்லாமல் அவள் தோள் குலுங்கியது. முந்தானைக்குள்ளிருந்தே, "எனக்கும் பயம்தான்" என்றாள். "இப்ப ஒனக்குப் பால் இருக்கு, தெம்பு இருக்கு. வந்ததும் அவளையும் கேப்பியோன்னு காலைலருந்து வாசலுக்கும் குசினிக்கும் நடந்துக்கிட்டுக் கெடந்தேன்."

"கேக்க மாட்டேங்க்கா. அவ ரெண்டு காம்பராவுலயும் இருக்கட்டும். ஆனா, அவ பொறந்தது என் வயித்துலன்னு அவகிட்டச் சொல்லுங்க. நீங்க சொன்னாத்தான் அவ நம்புவா."

நிரோஷா தலையாட்டினாள். ஸ்டெபானியின் தலைமயிர் ஆஸ்பத்திரியில் கிடந்து சிக்குப் பிடித்திருந்தது. நிரோஷா எழுந்துபோய் எண்ணெய்ப் போத்தலும் சீப்பும் கொண்டுவந்தாள். முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்து, நுனியிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகச் சிக்கெடுத்தாள். இழுபடும்போது ஸ்டெபானி "ஸ்ஸ்" என்றாள். "வலிக்குதா?" என்று நிரோஷா கேட்டாள். "வலிக்குது" என்றாள் ஸ்டெபானி. சீப்பு மெதுவானது. மடியில் பிள்ளை பால் குடித்துக்கொண்டிருந்தான்.

ஜெனோஷாவுக்கு நிரோஷா என்ன சொன்னாளோ, எப்படிச் சொன்னாளோ தெரியாது. அம்மா என்று அவள் நிரோஷாவைத்தான் இன்றைக்கும் கூப்பிடுகிறாள். ஸ்டெபானி சில நேரம் ஸ்டெபி, சில நேரம் ஸ்டெபிம்மா. ஆனால் தம்பியைப் பார்க்கிற சாக்கில் தலையணையைத் தூக்கிக்கொண்டு வரத் தொடங்கினாள். வந்த இடத்திலேயே தூங்கியும் போனாள். முதல் நாள் அவள் மூச்சைக் கேட்டுக்கொண்டு ஸ்டெபானி தூங்காமல் கிடந்தாள். பிறகு அதுவும் பழகிவிட்டது.

மாதம் ஒன்றரை கழித்து லதீபா லயத்துக்கு வந்தாள். வீடு தேடிப் போய்த் தாய்மாரைப் பார்ப்பதும் அவள் வேலை. செருப்பில் ஒட்டியிருந்த அட்டையை உப்புப் போட்டு ஜெனோஷா எடுத்துவிட்டாள். தையல் நன்றாக ஆறியிருந்தது. ஆனால் எல்லாம் சரியாகிவிட்டது என்று ஸ்டெபானி சொல்லவில்லை. தழும்பைச் சுற்றி மரத்துப்போயிருக்கிறது, தண்ணி கொட்டுகிற பீலியிலிருந்து குடத்தைத் தூக்க இன்னும் முடியவில்லை, சில நாள் காரணமில்லாமல் அழுகை வருகிறது என்று ஒவ்வொன்றாகச் சொன்னாள். கடைசியாகச் சொன்னதைக் கேட்டதும் லதீபா நிமிர்ந்தாள். அதைப் பற்றித் துருவித் துருவிக் கேட்டுவிட்டு, பகுதி மிட்வைஃபிடம் தானே பேசுவதாகச் சொன்னாள். தில்ருக்ஷியின் நம்பரையும் கொண்டுவந்திருந்தாள்.

"அவதான் குடுக்கச் சொன்னா. போன் எடுங்க, பேசுங்க. இப்ப நான் ஒண்டும் தடுக்க மாட்டேன்."

"வார்ட்டுல திரை இன்னும் இருக்கா மிஸ்?"

"இரிக்கு. சும்மா சுருட்டி வச்சிரிக்கிறம். கமிட்டி சரிண்டு சொல்லிட்டாங்க. இந்த மாசம் வார்ட்டுல எல்லாருக்கும் புது முறைதான். முடிவு எப்பிடி வருமோ, அல்லாஹ்தான் அறிவான்."

அந்த நேரம் பின்வாசலில் நிரோஷா சுடுதண்ணீரைக் கொண்டுவந்து வைத்தாள். இத்தனை நாளும் காலை நீட்டி உட்கார முடியாததால் பிள்ளையை அவள்தான் குளிப்பாட்டிக்கொண்டிருந்தாள். ஸ்டெபானி லதீபாவைப் பார்த்தாள். "காலு நீட்டலாமா மிஸ்?"

"இழுக்காட்டி நீட்டுங்க. இழுத்தா நிப்பாட்டுங்க."

நிரோஷா பலகையைப் போட்டுக் கொடுத்தாள். ஸ்டெபானி சுவரில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்து, ஒவ்வொரு காலாக நீட்டினாள். நிரோஷா பிள்ளையைக் கொண்டுவந்து அந்தக் கால்கள்மேல் குப்புறக் கிடத்தினாள். "கழுத்தப் புடிச்சிக்க" என்றாள். பிறகு தண்ணீரைத் தன் முழங்கையில் ஊற்றிச் சூடு பார்த்துவிட்டு, கோப்பையில் கொஞ்சம் கொஞ்சமாக மொண்டு கொடுத்தாள். முதல் தண்ணீர் முதுகில் பட்டதும் பிள்ளை வீறிட்டான். ஜெனோஷா காதைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

"நேரமானா நீங்க கேள்விகளக் கேளுங்க மிஸ்" என்றாள் ஸ்டெபானி, சோப்பு நுரைக்குள்ளிருந்து.

"குளிப்பாட்டி முடிங்க" என்ற லதீபா, கொடியிலிருந்த துவாயை எடுத்து விரித்துப் பிடித்துக்கொண்டு வாசற்படியில் உட்கார்ந்தாள். "நான் இரிக்கேன்."